1 இன்ச் டியூப், ஹூப் பெண்டிங், ஜிக்: வடசென்னைல ஃபார்முலா ஸ்டூடண்ட் சேசிஸ் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

கொடுங்கையூர்_பிட்:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் டீம், பெட்ரோல் வண்டி, 390 சிங்கிள் சிலிண்டர் இன்ஜின், ஸ்டீல் ஸ்பேஸ் ஃப்ரேம், அதாவது டியூப் டியூபா ஒட்டிக் கட்டற சட்டம். காலேஜ் டீமுங்க தாங்களே ரேஸ் கார் கட்டி மோதற போட்டி ஃபார்முலா பாரத், கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்குது, அதுக்குப் போறோம். ஷெட் கொடுங்கையூர்ல. கம்ப்யூட்டர்ல வரையற கேட் (CAD) மாடல்ல ஃப்ரேம் முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, எல்லாமே 25.4 எம்எம் டியூப்னு வெச்சுத்தான் வரைஞ்சிருக்கோம். ஆனா செம்புதாஸ் தெருல போய் 1 இன்ச் பைப் கேட்டா கைல வர்றது அதைவிட நல்லா தடியா இருக்கு. டீம்ல பாதிப் பேர் 4130 குரோமோலிங்கற பலமான அலாய் ஸ்டீல்தான் வேணும்ங்கறாங்க, மீதிப் பேர் மைல்ட் ஸ்டீலே போதும்ங்கறாங்க. மெயின் ஹூப்பை, அதான் டிரைவர் தலைக்குப் பின்னால வர்ற வளைவு டியூபை, எஸ்எஸ் கைப்பிடி வளைக்கிற கடைல குடுக்கலாமா? வெல்ட் அடிக்கறப்ப டியூபைப் பிடிச்சு நிறுத்தற ஜிக்கைப் பிளைவுட்ல பண்ணா தாங்குமா? பக்கத்துல கேட், கிரில் அடிக்கிற வெல்டர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட இருக்கிறது ஆர்க் மிஷின். டிக் வெல்டிங், அதான் ஆர்கான் வெல்டிங், கட்டாயமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெர்னியர்:

தம்பி, கேட் மாடலை ஒரு வாரம் மூடி வெச்சிட்டு வெர்னியரைக் கைல எடுங்க.

1 இன்ச் பைப்னு கேட்டா கடைக்காரர் தண்ணி பைப்பைத்தான் எடுத்துப் போடுவாரு, அவர் மேல தப்பில்ல. ஐஎஸ் 1239 பைப்ல 1 இன்ச்ங்கறது உள்துளையை வெச்சு வந்த பேரளவு, வெளி விட்டம் 33.7 எம்எம். உங்களுக்கு வேண்டியது 25.4 எம்எம் வெளி விட்டம். அதனால "1 இன்ச் ஓடி டியூப்"னு கேளுங்க, ஓடின்னா வெளி விட்டம், அதை அழுத்திச் சொல்லுங்க. ஐஎஸ் 3074ங்கறது வண்டிகளுக்கான ஸ்டீல் டியூப் தரம், அந்த நம்பரைச் சொன்னா ஆட்டோமொபைல் டியூப் வெச்சிருக்கவங்க புரிஞ்சுக்குவாங்க. துத்தநாகம் பூசின ஜிஐ வேண்டவே வேண்டாம். வெல்ட் பண்றப்ப துத்தநாகம் புகையா கிளம்பி மூச்சுக்குள்ள போகும், வெல்டும் ஓட்டை ஓட்டையா ஆயிடும். நாற்காலி, கட்டிலுக்குப் போற ஃபர்னிச்சர் டியூபும் வேண்டாம். போட்டி ரூல் கேக்கறது குறைஞ்சது 0.1 சதவீதம் கார்பன், அந்த டியூப்ல அது இருக்கும்னு நம்ப முடியாது.

அடுத்தது கனம். பல டீம் எஸ்இஎஸ்ல மாட்டறது இங்கதான், ஃப்ரேம் ரூலுக்கு ஒத்துப்போகுதுன்னு கணக்கு காட்டற ஸ்ட்ரக்சரல் ஷீட்தான் எஸ்இஎஸ். மெயின் ஹூப், ஸ்டீயரிங் பக்கம் வர்ற ஃப்ரண்ட் ஹூப், ஷோல்டர் பெல்ட் பார் மூணுக்கும் கனம் 2 எம்எம்முக்குக் குறையக் கூடாது, குறுக்குவெட்டுப் பரப்பு 173 சதுர எம்எம், வளையாம நிக்கிற திறனைக் காட்டற மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா 11,320 எம்எம்⁴ வரணும். 25.4 × 2.4 போட்டா பரப்பு 173.4. அதாவது மயிரிழைல பாஸ். 2.4னு வாங்கின டியூப் நிஜத்துல 2.3 இருந்தா 167தான், ஃபெயில். பக்கவாட்டு மோதலுக்கான சைட் இம்பாக்ட், மூக்குப் பக்கச் சட்டமான ஃப்ரண்ட் பல்க்ஹெட், ஹூப்பைத் தாங்கற பிரேசிங் இதுங்களுக்கு 114 சதுர எம்எம், 8,509 எம்எம்⁴. அந்த 8,509 எங்கேருந்து வந்துச்சுன்னா, 25.4 × 1.6ஐக் கணக்குப் போட்டா சரியா அதுதான் வரும். அப்ப 1.6 கேட்டு வாங்கின டியூப் 1.5 வந்தா? 8,073. ஃபெயில். மில்லுக்கு டாலரன்ஸ் உண்டு, ரூலுக்குக் கிடையாது. அதனால 1.6 கேக்காதீங்க, 1.65 கேளுங்க. கிடைக்கலன்னா கண்ணை மூடிட்டு 2 எம்எம். மீட்டருக்கு 0.97 கிலோ இருந்தது 1.15 ஆகும். 20 மீட்டர் போச்சுன்னா ஃப்ரேம்ல 3.8 கிலோ கூடும், வலிக்கும்தான். இன்ஸ்பெக்ஷன்ல டியூபை வெட்டி எறியறதைவிட இது மேல்.

பல்க்ஹெட் சப்போர்ட், மெயின் ஹூப் பிரேஸ் சப்போர்ட் ரெண்டுக்கும் 91 சதுர எம்எம், 6,695 எம்எம்⁴. 25.4 × 1.2ன்னா மொட்டைக் கணக்குல பாஸ், அங்கயும் 1.25க்கு மேலயே வாங்குங்க. இந்த வருஷ ரூல் புக்ல இந்த நம்பரையெல்லாம் ஒரு தடவை ஒத்துப் பாருங்க, சின்னச் சின்னதா மாத்திட்டே இருப்பாங்க.

கடைல நிக்கறப்பவே ரெண்டு முனைலயும் நாலு இடத்துல கனத்தை அளங்க. வெட்டின முனைல பிசிறு இருந்தா வெர்னியர் பொய் சொல்லும், அரத்தால தட்டிட்டு அளங்க. டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கேட்டு, அதுல இருக்கிற ஹீட் நம்பர் டியூப் மேல பெயிண்ட்ல எழுதியிருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. சில்லறைக் கடைல கிடைக்காது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல பெரிய டீலர்கிட்ட லெங்த் கணக்குல எடுத்தா கேட்டு வாங்கலாம். ஒரு லெங்த் 6 மீட்டர். 2.4ல ரெண்டு லெங்த் எடுங்க. ஹூப் ரெண்டும் பாரும் சேர்ந்து 5 மீட்டர்தான், ஆனா வளைக்கிறப்ப ஒண்ணு போகும், போயே தீரும். 1.65ல நாலு, 1.25ல ரெண்டு. ஃப்ரேம் மட்டும் 33, 34 கிலோ வரும்.

மீன்வாய்:

வெர்னியர் சொன்னது சரி. 4130 பத்தி அவர் பேசல, நான் சொல்லிடறேன். குரோமோலி போட்டா டியூபை மெல்லிசாக்கிக்கலாம்னு நினைக்கிறீங்களா? ரூல்ல அது கிடையாது. ஸ்டீல்னா எந்த ஸ்டீலா இருந்தாலும் அதே குறைஞ்சபட்ச அளவுதான், பலம் ஜாஸ்தின்னு தள்ளுபடி கிடையாது. விறைப்பும் அதேதான், எலாஸ்டிக் மாடுலஸ் ரெண்டுக்கும் 200 ஜிகாபாஸ்கல் சுத்திதான். அப்ப எடை குறையாது, விறைப்பு கூடாது, காசு மட்டும் போகும். அந்தக் காசை பெண்டிங்குக்கும் ஆர்கானுக்கும் வெச்சுக்கங்க.

இப்ப பெண்டிங். மெயின் ஹூப் ஒரே துண்டா, வெட்டு ஒட்டு இல்லாம, ஒரு பக்க அடி டியூப்லேருந்து மறுபக்க அடி டியூப் வரைக்கும் வரணும். வளைவோட ஆரம், டியூப் நடுக்கோட்டுல, வெளி விட்டத்துக்கு மூணு மடங்கு: 76.2 எம்எம்முக்குக் குறையக் கூடாது. உள்பக்கம் சுருக்கமோ தட்டையோ தெரிஞ்சா அங்கயே கதை முடிஞ்சது. கைப்பிடி கடைல குடுக்கலாமாங்கறது அவங்க டையைப் பொறுத்தது. டியூப் நழுவாம டையோடவே சுத்தி வர்ற ரோட்டரி டிரா மிஷினான்னு பாருங்க. மூணு ரோலர்ல தள்ளி வளைக்கிற மிஷின்னா பெரிய வளைவுதான் வரும், ஹூப்புக்கு ஆகாது. டையோட ஆரத்தை முதல்ல கேட்டு, அதைக் கேட்ல போட்டு, அதுக்கப்புறம் ஹூப்பை வரைங்க. எல்லாரும் தலைகீழா பண்றாங்க. 76.2னு வரைஞ்சிட்டுக் கடைக்குப் போனா அவங்ககிட்ட இருக்கிறது வேற டை.

மிஷின் பிடிக்க ரெண்டு முனைலயும் 150 எம்எம் நீளம் கூடுதலா விடுங்க. வளைச்சு விட்டதும் டியூப் ரெண்டு மூணு டிகிரி திரும்பி விரியும், அதுக்குத்தான் முதல் துண்டைச் சோதனைக்குன்னே வெச்சுக்கறது. 1:1 அளவுல ஹூப்பைப் பேப்பர்ல பிரிண்ட் எடுத்துத் தரைல ஒட்டி, வளைச்சதை மேல படுக்க வெச்சுப் பாருங்க. மணலடைச்சு காஸ் டார்ச்சால சூடு காட்டி வளைக்கிற பழைய வித்தை இருக்கே, ஹூப்ல அதை வேண்டாம். சூடுபட்ட இடத்துல டியூப் வெளிப்பக்கம் மெலிஞ்சு போறது கண்ணுக்குத் தெரியாது. ஹூப்ல போட்டிருக்கிற 4.5 எம்எம் ஓட்டை வழியா இன்ஸ்பெக்டர் கனத்தை அளப்பாரு.

நாட்ச். டியூப் முனையை இன்னொரு டியூப் மேல உக்கார்ற மாதிரி மீன் வாய் மாதிரி வெட்டறது. 1 இன்ச் பைமெட்டல் ஹோல்சா, மெதுவான வேகம், எண்ணெய் விட்டுக்கிட்டே வெட்டுங்க. சாய்வான மூட்டுக்குக் கேட்லேருந்து விரிச்ச பேப்பர் டெம்ப்ளேட்டை டியூப்ல சுத்தி ஒட்டி, கிரைண்டர்ல வெட்டி, அரைவட்ட அரத்தால சரி பண்ணுங்க. ஹாக்ஸா பிளேடு நுழையற இடைவெளி இருந்தா அந்தத் துண்டு குப்பைக்கு. இடைவெளியை ஃபில்லரால ரொப்பறப்பதான் இழுப்பு ஜாஸ்தியாகி ஃப்ரேம் கோணும்.

ஜிக் பிளைவுட்ல வேண்டாம். டேக், அதான் பிடிப்புக்குப் போடற பொட்டு வெல்ட், போட்டதுமே கருகி துளை லூசாகும், நம்ம ஊர் ஈரத்துல ஊதவும் செய்யும். 3 மீட்டர் 100 எம்எம் சி சேனல் ரெண்டு, 1 மீட்டர் குறுக்கே நாலு, இதான் பெட். கொத்தனார் வெச்சிருக்கிற டியூப் லெவல் போதும், நாலு மூலையையும் மட்டம் பாத்துக்கங்க. அதுக்கு மேல 3 எம்எம் ஷீட்ல லேசர் கட் பண்ணின தகடுகளை ஸ்லாட் போட்டு நிறுத்தி, ஒவ்வொரு டியூபையும் அதுல உக்கார வைங்க. ஹூப் ரெண்டையும் முதல்ல நிறுத்துங்க, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. மெயின் ஹூப் செங்குத்துலேருந்து 10 டிகிரி, ஃப்ரண்ட் ஹூப் 20 டிகிரி, அதுக்கு மேல சாயக் கூடாது.

வெல்டர் அண்ணனைப் பத்தி. கேட் அடிக்கிறவர் கை நல்லாவே இருக்கலாம், ஆனா 1.65 எம்எம் டியூப்ல ஆர்க் ராடு பொத்துக்கும், இல்லன்னா மேல மட்டும் பூசிக்கிட்டு உள்ள ஒட்டாது. டிக் கட்டாயம்னு ரூல் இல்ல, ஆனா டிக்தான் பண்ணுங்க. டிசி, டார்ச் நெகட்டிவ்ல, ஃபில்லர் ஈஆர்70எஸ்-2 1.6 எம்எம், ஆர்கான் நிமிஷத்துக்கு 8லேருந்து 10 லிட்டர். 1.65க்கு 60, 70 ஆம்பியர், 2.4 ஹூப்ல 90 பக்கம். மெல்லிசும் தடிப்பும் சேர்ற மூட்டுல ஆர்க்கைத் தடிப்பு மேல காட்டி மெல்லிசுக்குத் தள்ளணும். மூட்டுக்கு ரெண்டு பக்கமும் 25 எம்எம் எமரி போட்டுப் பளபளன்னு ஆக்கி தின்னர்ல துடைங்க. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடக்காத்துல ராத்திரி தேச்சு வெச்ச டியூப் காலைல செவந்திருக்கும். தேச்ச அன்னிக்கே வெல்ட். மதியத்துக்கு மேல கடக்காத்து எறங்கினா ஷெட்ல ஆர்கான் நிக்காது, ஊசி ஓட்டையா வரும். தார்ப்பாய் கட்டுங்க, ஃபேனை ஆஃப் பண்ணுங்க, முடிஞ்சா காலைலயே அடிச்சிடுங்க.

ஃப்ரேமைத் தொடறதுக்கு முன்னாடி அதே டியூப்ல டி மூட்டு ஒண்ணு அடிக்கச் சொல்லுங்க. ஹாக்ஸால நெடுக்க வெட்டிப் பாருங்க, அடி வரைக்கும் உருகியிருக்கா? இன்னொண்ணை வைஸ்ல வெச்சு நசுக்குங்க. வெல்டுக்குப் பக்கத்துல டியூப் கிழிஞ்சா சரி, வெல்டே பிளந்தா வெல்டரை மாத்துங்க. இன்னொண்ணு, கேட்டுக்குப் பண்ற மாதிரி வெல்டைக் கிரைண்டர் போட்டு மழுப்பி பட்டி பார்க்கச் சொல்லாதீங்க. சோக்கா இருக்கும், ஆனா தொண்டைனு சொல்ற வெல்டோட கனம் போயிடும், இன்ஸ்பெக்டருக்கும் சந்தேகம் வரும்.

கணு:

ரெண்டு பேரும் கடையும் ஷெட்டும் சொல்லிட்டாங்க. எனக்குப் பயம் அந்த முக்கால்வாசி முடிஞ்ச கேட் மேலதான்.

ஆளை உக்கார வெச்சுப் பாத்தீங்களா? எலக்ட்ரிக்கல் கடைல 25 எம்எம் பிவிசி காண்டூட் கிடைக்கும். தண்ணி பைப் மாதிரி இல்ல, காண்டூட்டுக்கு 25ங்கறது வெளி விட்டமேதான், உங்க டியூபோட கிட்டத்தட்ட ஒண்ணு. காக்பிட்டை முழு அளவுல அதுல கட்டுங்க, மூட்டுக்குக் கேபிள் டை போதும். டீம்லயே உசரமான பையனை ஹெல்மெட், கிளவுஸ், பெல்ட்டோட உள்ள உக்கார வைங்க. அஞ்சு செகண்டுல வெளிய வரணும். மெயின் ஹூப் உச்சிலேருந்து ஃப்ரண்ட் ஹூப் உச்சிக்கு ஒரு கயிறு கட்டினா ஹெல்மெட்டுக்கும் கயிறுக்கும் நடுவுல 50 எம்எம் இருக்கணும். ரூல் சொல்ற பெர்சிங்கற ஆள் உருவ டெம்ப்ளேட்டையும் அட்டைல வெட்டிக்கங்க: இடுப்புக்கும் தோளுக்கும் 200 எம்எம் வட்டம், தலைக்கு 300. இடுப்பு வட்ட மையத்துலேருந்து தோளுக்கு 490, அங்கேருந்து தலைக்கு 280. பெடல் பக்கம் காலுக்கு 350 எம்எம் சதுர டெம்ப்ளேட் நேரா போய் வரணும். ஸ்டீயரிங் ராட்டும் பெடல் பாக்ஸும் அதுலதான் இடிக்கும், எப்பவும் அங்கதான்.

இன்ஜினையும் நிஜமா வெச்சுப் பாருங்க. மேல வழியா எடுக்கறதா, கீழ வழியாவா, பின்னாலயா? வெல்ட் முடிஞ்சப்புறம் இன்ஜின் உள்ள போகலன்னு முழிக்கிற ஃப்ரேம் எல்லா வருஷமும் ஒண்ணு ரெண்டு இருக்கும். ஆயில் ஃபில்டர் மூடி, செயின் ஸ்ப்ராக்கெட் நட் ரெண்டுக்கும் ஸ்பானர் போற வழி விடுங்க.

கேட்ல கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் கணு. சஸ்பென்ஷன் ஆர்ம் பிடிக்கிற இடம் ரெண்டு மூணு டியூப் சேர்ற கணுல வரணும். டியூபுக்கு நடுவுல டேப் (ஆர்ம் மாட்டற சின்னத் தகடு) அடிச்சா அந்த டியூப் வில்லு மாதிரி வளையும், நீங்க டேம்பர்ல, அதான் ஷாக் அப்சார்பர்ல, எத்தனை கிளிக் மாத்தினாலும் வண்டி கேக்காது. டிஃபரென்ஷியல் பிராக்கெட்டும் இன்ஜின் மவுண்டும் ஒரே தகடுல அல்லது ஒரே கணுல போய் சேரணும், இல்லன்னா செயின் இழுக்கிற இழுப்புல பின்பக்கம் நெளிஞ்சு செயின் குதிக்கும். மெயின் ஹூப் பிரேஸ் ஹூப் உச்சிலேருந்து 160 எம்எம்முக்குள்ள சேரணும், ஹூப்போட 30 டிகிரிக்குக் குறையாத கோணம், நேர் டியூப். சதுரமா விட்டிருக்கிற கட்டத்துல எல்லாம் குறுக்குக் கம்பி ஓடுதான்னு விரலால ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. காக்பிட் வாய் மட்டும் திறந்தேதான் இருக்கும், வேற வழியில்ல. முறுக்கு பூரா அங்கதான் வரும்.

மீன்வாய்கிட்ட ஒரு இடத்துல ஒத்துப்போகல. குரோமோலி வீண்னு முழுசா சொல்ல முடியாது. சக்கர ஹப்பைப் பிடிக்கிற அப்ரைட், ஆர்ம் மாதிரி ரூல் அளவு சொல்லாத பாகத்துல அதோட பலம் உதவும். ஃப்ரேமுக்கு வேண்டாம், அதுல நானும் அவர் கட்சிதான்.

கொடுங்கையூர்_பிட்:

ரொம்ப நன்றி அண்ணன்களா. 1.65 டியூப் சாத்தாங்காட்டுல சர்ட்டிஃபிகேட்டோட கிடைச்சுது, நாலு இடத்துல அளந்தோம், 1.63லேருந்து 1.67. காண்டூட்ல காக்பிட் கட்டினதுல ஃப்ரண்ட் ஹூப்பை 40 எம்எம் உசத்த வேண்டியதாச்சு. ஹூப் ரெண்டும் வளைச்சு வந்தாச்சு. இப்ப சிக்கல்: பின் பெட்டி டேக் மட்டும் போட்டிருக்கோம், முழு வெல்ட் இல்ல. மூலைக்கு மூலை குறுக்களவு ஒரு பக்கம் 5 எம்எம் ஜாஸ்தி. அப்படியே வெல்ட் அடிச்சா சரியாயிடுமா?

மீன்வாய்:

சரியாகாது தம்பி, ஜாஸ்தியாகும். டேக்லயே பிடிச்சீங்களே, அதுவே பெரிய விஷயம்.

முதல்ல பெட் முறுக்கியிருக்கான்னு பாருங்க, ஃப்ரேமைத் தொடாதீங்க. பெட்டோட நாலு மூலைலயும் ஒரே உசரத்துல ஆணி, மூலைக்கு மூலை ரெண்டு நூல் இழுத்துக் கட்டுங்க. நடுவுல நூல் ரெண்டும் லேசா உரசிட்டுப் போனா மட்டம். 2 எம்எம் இடைவெளி இருந்தா ஒரு மூலை 4 எம்எம் ஏறியோ இறங்கியோ இருக்கு. அப்புறம் மேல இருக்கிற நூலைக் கீழ மாத்திக் கட்டி இன்னொரு தடவை பாருங்க. முதல் தடவை ஒண்ணை ஒண்ணு அழுத்திக்கிட்டு இருந்தா இடைவெளி தெரியாது, இப்ப தெரியும்.

பெட் சரின்னா, நீளமா இருக்கிற குறுக்குல எந்த மூட்டு இழுத்துச்சுன்னு கண்டுபிடிச்சு, 1 எம்எம் கட்டிங் வீல்ல அந்த டேக்குகளை மட்டும் அறுங்க. லாரில சரக்கு கட்டற ரேச்செட் பெல்ட்டை நீள குறுக்குல போட்டு 2.5 எம்எம் இழுத்து (அந்தக் குறுக்கு குறையறப்ப மத்தது அதே அளவு நீளும்), 1 எம்எம் கூட இழுத்து, டேக் போட்டு விடுங்க. மூட்டுக்கு எதிரெதிரா நாலு டேக், ஒரே பக்கமா ரெண்டு போட்டா அந்தப் பக்கம் சாயும். டேக் ஆறினதும் பெல்ட்டை எடுத்து அளங்க. 1 எம்எம்முக்குள்ள வந்தா போதும்.

முழு வெல்ட் நடுவுலேருந்து வெளிய போகணும், மெயின் ஹூப்ல ஆரம்பிச்சு முன்னும் பின்னும். இடதுல ஒரு மூட்டுல கால்வாசி, வலதுல அதே மூட்டுல கால்வாசி, அப்புறம் எதிர்பக்கம். ஒரே மூட்டை ஒரே மூச்சுல சுத்தி முடிக்கக் கூடாது. ரெண்டு முனையும் அடைபட்ட டியூப்ல கடைசி இடத்தை மூடறப்ப உள்ள இருக்கிற சூடு காத்து வெல்டை ஊதித் தள்ளும். அதுக்கு மூட்டுக்குள்ள மறையற இடத்துல 3 எம்எம் வென்ட் ஓட்டை போடலாம், ஆனா ரூல் அளவு சொல்ற டியூப்ல போட்டா எஸ்இஎஸ்ல எழுதணும். சஸ்பென்ஷன் டேப் எல்லாம் கடைசி. ஃப்ரேம் ஆறி நின்னப்புறம், ஜிக்லேருந்து அளவெடுத்து, டம்மி பின் போட்டு டேக் பண்ணுங்க. ஃப்ரேம் சுருங்கினது டேப்புக்கு வராது.

கணு:

வெல்ட் முடிஞ்சதும் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி முறுக்கு டெஸ்ட் ஒண்ணு போட்டுடுங்க. பெரிய லேப் வேண்டாம். பின் சஸ்பென்ஷன் புள்ளிகளைப் பெட்டோட இறுக்கி போல்ட் பண்ணுங்க. டேம்பர் இடத்துல எல்லாம் அதே நீளத்துக்கு இரும்பு ராட். முன்னாடி ஹப்புக்கு ஹப் ஒரு சதுர டியூப் போட்டு, நடு அச்சுல ஒரு ஆங்கிளோட முனை மேல ஊஞ்சல் மாதிரி நிக்க வைங்க. நடுவுலேருந்து சரியா 1 மீட்டர் தள்ளி ஒரு தண்ணி கேன் தொங்க விடுங்க, எடை போட்டு 20 கிலோவுக்குத் தண்ணியை ஊத்திக்கங்க. 196 நியூட்டன் மீட்டர். நடுவுலேருந்து 500 எம்எம்ல டயல் கேஜ் வைங்க. 1.1 எம்எம் காட்டினா 0.126 டிகிரி, அதாவது டிகிரிக்கு 1,550 நியூட்டன் மீட்டர் பக்கம். மாணவர் ஸ்பேஸ் ஃப்ரேமுக்கு அது மோசமில்ல. பின்பக்கமும் ஒரு டயல் வெச்சு, அங்க வர்ற அசைவைக் கழிச்சிடுங்க, இல்லன்னா பெட் நெளியறதையும் சேசிஸ் கணக்குல எழுதிடுவீங்க.

ஒரு கேன், ரெண்டு கேன், திரும்ப ஒண்ணு, அப்புறம் வெறும் பீம். எடை ரெட்டிப்பானா அசைவும் ரெட்டிப்பாகணும். கேனை இறக்கினப்புறம் டயல் பூஜ்யத்துக்குத் திரும்பலன்னா ஃப்ரேமைத் திட்டாதீங்க. ஆர்ம் போல்ட் ஓட்டை லூசா இருக்கும், இல்ல ஏதாவது டேப் வளைஞ்சிருக்கும். ஒருத்தர் கேனை மெல்ல ஏத்தி இறக்க, இன்னொருத்தர் ஒவ்வொரு போல்ட் தலை மேலயும் விரல் வெச்சுப் பாருங்க, கைல தட்டும்.

கொடுங்கையூர்_பிட்:

பெட்ல நூல் கட்டிப் பாத்தோம், இடைவெளி 3 எம்எம். பெட்தான் முறுக்கியிருக்கு. ஒரு சேனல் கால் அடில ஷிம் தகடு நழுவி வெளிய கிடக்குது. அதை வெச்சு லெவல் பாத்துட்டு பின் பெட்டி டேக்கை அறுக்கறோம்.

மீன்வாய்:

ஷிம்மை வெச்சு விட்டுடாதீங்க, காலோட ஒரு டேக் அடிச்சு விடுங்க. சுத்தி தட்ற அதிர்ச்சில திரும்ப நழுவும்.